மாலையைக் கழற்ற வேண்டியவர்

2026 பெப்ரவரி 12, வியாழக்கிழமை. திகன.

இன்று ஒரு பிழை விட்டேன். சிறிய பிழைதான் என்று முதலில் நினைத்தேன். உயிரோடு இருக்கும் ஒருவருடைய படத்துக்கு மாலை போட்டுவிட்டேன்.

கையால் அல்ல, கணினியில். கண்டியில் நான் போகும் வீடியோ எடிட்டிங் மாலை வகுப்பில், கடைசி வேலையாக எங்களுக்கு ஆளுக்கொரு மனிதரைக் கொடுத்திருக்கிறார்கள். அவருடைய வாழ்க்கையையும் தொழிலையும் சிறிய வீடியோவாக்க வேண்டும். எனக்கு வந்தவர் திரைப்படத் தயாரிப்பாளர் கிருஷ்ணராஜ். ஹாட்வெயார் கடை வைத்து, அதில் வந்ததையெல்லாம் தமிழ்ப் படங்களில் போட்டவர். ஊரில் எல்லாருக்கும் அவர் முதலாளி. நாளை மாலை வகுப்புக்கே வந்து வீடியோவைப் பார்க்கப்போகிறார்.

ஒழுங்காக எழுதுவதென்றால் செவ்வாய்க்கிழமையிலிருந்து தொடங்க வேண்டும்.

அன்று அவருடைய வீட்டில் பேட்டி எடுத்தேன். அவர் கதிரையில் உட்கார்ந்த விதத்திலேயே முடியும்வரை இருந்தார். முகத்துக்கு நேரே விளக்கு. நெற்றியில் ஒரு துளி வியர்வை இல்லை. கேட்டதற்கெல்லாம் அளவாகப் பதில் சொன்னார். வெட்டி ஒட்ட வேண்டிய இடமே இல்லை, நல்லவேளை என்று நினைத்துக்கொண்டேன். வீட்டுக்கு வந்து போட்டுப் பார்த்தபோது ஓரிடத்தில் வீடியோ உறைந்துவிட்டது. கணினியை நிறுத்தி மறுபடி தொடங்கினேன். மறுபடியும் அதே இடத்தில் உறைந்தது. பிறகுதான் கவனித்தேன்: அவருக்குப் பின்னால் திரைச்சீலை ஆடிக்கொண்டிருந்தது. வீடியோ ஓடிக்கொண்டுதான் இருந்தது.

பழைய புகைப்படம் ஏதாவது தர முடியுமா என்று அவரிடம் கேட்டிருந்தேன். “பழசு என்னாத்துக்கு? இப்ப எடுத்ததே போதும்,” என்றார். நான் படியிறங்கி வாசல் கேற் வரை வந்துவிட்டேன். பின்னால் அவருடைய மனைவி இரத்தினம்மா வேகமாக நடந்து வந்தார். துவாயில் சுற்றிய ஒன்றை என் பையில் வைத்தார்.

“இதப் போடுங்க தம்பி. அவருக்குச் சொல்ல வேணாம்.”

திரும்பிப் போனவர், நின்று, இன்னொன்றும் சொன்னார்.

“வெயில் படுற எடத்துல வைங்க.”

சட்டம் போட்ட பெரிய படம். கோட்டும் கழுத்துப்பட்டியுமாக நடுவயது முதலாளி. ஈரம் ஏறியிருந்தது, அதற்காகத்தான் வெயில் என்றார் என்று எடுத்துக்கொண்டேன். பின்பலகையைச் சுற்றிலும் ஆணி அடித்து இறுக்கியிருந்தது. கண்ணாடி உடைந்துவிடும் என்று பயந்து, திறக்காமல் கைபேசியாலேயே படம் பிடித்தேன். எடுத்த ஒவ்வொன்றிலும் நெற்றியில் சின்னச் சின்னப் புள்ளிகள். ஒவ்வொன்றிலும் வேறு வேறு இடத்தில். விளக்கின் பிரதிபலிப்பு என்று முடிவுசெய்து மென்பொருளில் அழித்தேன். ஓரத்து ஈரக்கறை மட்டும் போகவில்லை. அதை மறைக்கத்தான் சட்டத்தைச் சுற்றி ஒரு செவ்வந்தி மாலை.

எங்கள் வீட்டில் படத்துக்கு மாலை போடும் வழக்கம் இல்லை. பாடசாலை விழாக்களில் பிரதம அதிதிக்கு மாலை போடுவதைப் பார்த்திருக்கிறேன். மாலை என்றால் மரியாதை என்று கை தானாகவே செய்துவிட்டது. கண்டிச் சுவர்களில் எத்தனை கண்ணீர் அஞ்சலிகளைக் கடந்து போகிறேன். யோசித்திருக்க வேண்டும். யோசிக்கவில்லை.

இன்று வகுப்பு முடியும் நேரம் நாங்கள் நான்கு பேர்தான் இருந்தோம். வகுப்பெடுக்கும் சேர் நேரத்தோடு போய்விட்டார். வீடியோவைப் போட்டுக் காட்டினேன். முதல் காட்சியிலேயே ஜெயராஜ் கதிரையைப் பின்னால் தள்ளிக்கொண்டு சிரித்தான். அவன் யாழ்ப்பாணம், கண்டியில் வங்கி வேலை. அந்தியேட்டி என்பது அவர்கள் பக்கத்தில் செத்தவருக்கு முப்பத்தோராம் நாள் செய்யும் சடங்கு.

“டேய் பஹீம், மனுசன் நாளைக்கு வந்து தன்ர அந்தியேட்டி வீடியோவையோ பாக்கப்போறார்?”

ரிஸ்னாவும் சிரித்தாள். “சேர் கேட்டா, அட்வான்ஸா செஞ்சு வச்சீக்கிறன்னு சொல்லுங்கோ.”

தனுஜா சிரிக்கவில்லை. அவள் எப்போதும் குறைவாகப் பேசுகிறவள். எழுந்து திரைக்குப் பக்கத்தில் வந்து நின்றாள்.

“அந்த மாலைய யாரு போட்டது?”

“நான்தான். பிழைதான், இப்பவே அழிச்சிடுறன்.”

“வேணாம்.” என் கை மேல் கை வைத்துத் தடுத்தாள். அவள் கை சில்லென்றிருந்தது. “நீ கழட்டக் கூடாது பஹீம்.”

அப்போதுதான் மின்சாரம் போனது. திரைகள் எல்லாம் ஒன்றாக அணைந்தன. கீழே தையல் கடை பூட்டியாகிவிட்டது. படிக்கட்டு கிணறு போல இருட்டு. ஜெயராஜ் கைபேசியின் விளக்கை மேசையில் நிமிர்த்தி வைத்தான். கதிரைகளை இழுத்துக்கொண்டு அதைச் சுற்றி உட்கார்ந்தோம்.

“ஏன் அவன் கழட்டக் கூடாது?” என்று ரிஸ்னா கேட்டாள்.

தனுஜா சொல்லத் தொடங்கினாள். நடந்தது அவளுக்கு அல்ல. அவளுடைய அம்மாவின் தம்பி கணேஸ் மாமாவுக்கு. அவர்தான் பல வருடங்கள் முதலாளியின் வேன் சாரதி.

“ராத்திரி பதினொன்றரை மணி...” என்றாள். “கலஹா ரோடு. ஹிந்தகலை தாண்டியாச்சு. மழை. ரோட்டுல வேற ஒரு வண்டி இல்ல. மாமா ஓட்டுறாரு. பின் சீட்டுல முதலாளி. கழுத்தத் தடவிக்கிட்டே வர்றாரு...”

“கொஞ்சம் பொறும்,” என்றான் ஜெயராஜ். “அந்த நேரத்தில உந்தாள் அங்க என்னத்துக்குப் போறார்?”

“அதுக்கு அவரு எல்லாப் படத்துலயும் செத்துப்போனதச் சொல்லணும்.”

இதை அவள் சொன்ன ஒழுங்கிலேயே எழுதுகிறேன். அவள் துண்டு துண்டாகச் சொன்னாள், நடுவில் நிறுத்தினாள். அந்த நிறுத்தங்களை என்னால் எழுத முடியாது.

முதலாளி தயாரித்த முதல் படம் ஒரு விதவையின் கதை. வீட்டுச் சுவரில் செத்துப்போன கணவனின் படம் மாலையோடு தொங்க வேண்டும். படம் தருவதாகச் சொன்ன நடிகர் அன்று காலை மாட்டேன் என்றுவிட்டார். உயிரோடு இருக்கிறவன் தன் படத்துக்கு மாலை போட விடுவானா? கமராக்காரரைக் கேட்டார்கள், மாட்டார். டைரக்டரே மாட்டேன் என்றார். படப்பிடிப்பு நின்றது. கடன்பட்டு எடுக்கும் படம். முதலாளி எழுந்து போய், தன் கடைச் சுவரிலிருந்த சொந்தப் படத்தைக் கழற்றிக்கொண்டு வந்தார்.

“நானே செத்துப்போறேன். நீங்க படத்த முடிங்க.”

படம் முடிந்தது. தியேட்டருக்கும் வந்தது. அன்றிலிருந்து அதுதான் அவருக்கு ராசி. அடுத்த படத்தில் செத்துப்போன அப்பா அவர். அதற்கடுத்ததில் செத்துப்போன தலைமை ஆசிரியர். ஒன்றில், செத்துப்போன கங்காணி. எப்போதும் அதே படம், அதே சட்டம்.

“உண்மையில அவரால கமராவுக்கு முன்னால நிக்க முடியாது,” என்றாள் தனுஜா. “பயம். ஐடெண்டிட்டி கார்டுக்குப் போட்டோ எடுக்கிறதுன்னாலே நெத்தி முத்து முத்தா வேர்த்துரும். அந்தப் போட்டோவுக்குக்கூட, ஸ்டூடியோக்காரரு தொடச்சித் தொடச்சிப் பவுடர் போட்டுத்தான் எடுத்தாராம்.”

நான் மேசைக்கு அடியில், அந்தப் படம் இருந்த என் பையைக் காலால் தொட்டுப் பார்த்தேன். ஏன் என்று அப்போது எனக்குத் தெரியவில்லை.

இரத்தினம்மா மட்டும் இதை ஏற்கவில்லை. புருசன் படத்துக்கு மாலை போட்டு விளக்கேற்றுவதை எந்தப் பெண் பொறுப்பாள்? சண்டை. சாப்பாடு இல்லை. கடைசியில் ஒரு நிபந்தனை வைத்தார். காட்சி முடிந்த கையோடு, அந்த மாலையை முதலாளியே, தன் கையாலேயே கழற்ற வேண்டும். கழற்றித் தன் கழுத்தில் போட்டுக்கொண்டு சிரிக்க வேண்டும். அதையும் கமராவில் எடுக்க வேண்டும். இரவு வீட்டுக்கு வந்து அதைக் காட்டினால்தான் அவருக்குச் சோறு.

படப்பிடிப்பில் அது ஒரு வேடிக்கையாகிவிட்டது. அவர் மாலையைக் கழற்றிப் போட்டுக்கொள்ளும்வரை யாருக்கும் பகல் சாப்பாடு கிடையாது. போட்டதும் எல்லாரும் கைதட்டுவார்கள். “முதலாளி எந்திரிச்சுட்டாரு, சோத்தப் போடுங்கடா!”

அந்தத் துண்டுகளை நான் பார்த்திருக்கிறேன். முதலாளி தயாரித்த படங்கள் என்று பேட்டியன்று அந்த வீட்டில் தந்த ஹார்ட் டிஸ்கில் இருந்தன. ஒவ்வொன்றிலும் முதலாளி, கழுத்தில் மாலை, முகமெல்லாம் வியர்வை வழிய, துவாயால் துடைத்துக்கொண்டு, கூச்சத்தோடு சிரிக்கிறார். எதற்கென்று தெரியாமல் வேண்டாதவை என்று ஒரு பக்கம் ஒதுக்கிவைத்தேன். கடைசிப் படத்துக்கு மட்டும் அப்படி ஒரு துண்டு இல்லை. அதையும் நான் கவனித்திருந்தேன். தொலைந்திருக்கும் என்று நினைத்தேன்.

கடைசிப் படம் கலஹாவுக்கு மேலே, தேயிலைக்கு நடுவில் ஒரு பழைய வீட்டில் எடுத்தார்கள். போன வருடத்துக்கு முந்தின வருடம், ஐப்பசி மழை. சுவரில் அவருடைய படம், செவ்வந்தி மாலை, கீழே சின்னச் சிவப்பு பல்ப். காட்சியை எடுத்து முடிக்கும்போது கிராம சேவகர் மழையில் ஓடி வந்தார். மேலே மண்மேடு வெடித்திருக்கிறது, உடனே எல்லாரும் இறங்குங்கள் என்றார். கமராவைத் தூக்கினார்கள், விளக்குகளைத் தூக்கினார்கள், நடிகைக்குச் செருப்புப் போடக்கூட நேரமில்லை. வேனில் ஏறி, கண்டி வந்துதான் மூச்சுவிட்டார்கள்.

இரவு முதலாளி சாப்பிட உட்கார்ந்தார். இரத்தினம்மா கையில் சோற்றுக் கோப்பையோடு நின்றார்.

“காட்டுங்க.”

அப்போதுதான் அவருக்கு நினைவு வந்தது. கை தானாகக் கழுத்துக்குப் போனது. சோற்றில் கை வைக்கவில்லை. எழுந்து கணேஸ் மாமாவுக்குப் போன் எடுத்தார்.

“காலையில போகலாம் முதலாளி. மலை சரியிறப்பவா?”

“காலை வரைக்கும் நான் மாலையோட இருக்கணுமா கணேஸ்?”

ஜெயராஜின் கைபேசி விளக்கு ஒருமுறை மங்கித் தெளிந்தது. ரிஸ்னா சால்வையைத் தலைக்கு மேல் இழுத்துக்கொண்டாள். “யா அல்லாஹ், அந்தக் கதவச் சாத்துங்கோ யாராவது.” யாரும் எழுந்திருக்கவில்லை.

ஒரு வளைவில் பாதையை மண் மூடியிருந்தது. வேனை அங்கேயே விட்டுவிட்டு நடந்தார்கள். முன்னால் மாமா, டோர்ச்சோடு. பின்னால் முதலாளி. பாதையோரக் கானில் தண்ணீர் ஓடும் சத்தம். குடைத்துணியில் மழை. பச்சை மண் வாசனை, நசுங்கிய தேயிலை வாசனை...

“அப்புறம் வேற ஒரு வாசன வந்துச்சாம்,” என்றாள் தனுஜா. “செவ்வந்தி. நனஞ்ச செவ்வந்தி. மேலருந்து வருது. கிட்ட வருது... கூடவே செருப்புச் சத்தம். சளக்... சளக்... ஈரச் செருப்பு. யாரோ எறங்கி வர்ற மாதிரி. மாமா டோர்ச் அடிக்கிறாரு. ஆள் இல்ல. சத்தம் அவரக் கடந்து போகுது. பின்னால முதலாளியையும் கடந்து போகுது. முதலாளி திரும்பி, ‘யாரு?’ன்னு கேக்குறாரு. சத்தம் நிக்கல. கீழ போயிருச்சு. கண்டிப் பக்கம்.”

மலை முழுவதும் மின்சாரம் இல்லை. வீட்டுக்கு ஏறும் படிக்குப் பக்கத்துத் தொழிலாளர் லயத்தில் எல்லாரும் போய்விட்டார்கள். ஒரு அம்மா மட்டும் கோழிகளை விட்டுப்போக மனமில்லாமல் இருந்தார். குப்பி விளக்கைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வெளியே வந்து, முதலாளியின் முகத்தைப் பார்த்தார். கோபப்பட்டார்.

“இப்பத்தானே ஐயா மாலையும் கழுத்துமா எறங்கிப் போனீங்க? மறுபடி எதுக்கு ஏறி வர்றீங்க?”

முதலாளி படியேறி வீட்டுக்குள் போனார். மாமா வாசலில் நின்று டோர்ச் அடித்தார். படம் சுவரில் இருந்தது. மாலை இல்லை. ஆணியில் சுற்றியிருந்த நூல் மட்டும் மெதுவாக ஆடிக்கொண்டிருந்தது. தரையில் செவ்வந்தி இதழ்கள், சுவரிலிருந்து வாசல்வரை, மாமாவின் காலுக்கு நடுவால் வெளியே போயிருந்தன.

“கழட்டியாச்சு கணேஸ்,” என்றார் முதலாளி.

“யாரு முதலாளி கழட்டுனது?”

படத்தை எடுத்துத் துவாயில் சுற்றி, பிள்ளையைத் தூக்குவதுபோல் நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். குளிரிலும் அவர் முகமெல்லாம் வியர்வை. இருவரும் இறங்கினார்கள். வேனில் பின் சீட்டில் ஏறினார். மாமா கண்ணாடியில் பார்க்கவில்லை, பார்க்கப் பிடிக்கவில்லை. மூச்சு மட்டும் கேட்டுக்கொண்டே வந்தது. பேராதனைக்கு முந்தின சின்னப் பாலம்வரை கேட்டது. பாலத்தில் வேன் சில்லுகள் ஏறிய சத்தத்தில் கேட்கவில்லை. பாலம் முடிந்த பிறகும் கேட்கவில்லை. தூங்கிவிட்டார் என்று நினைத்தார்.

வீட்டு வாசலில் வேனை நிறுத்தி, கதவை இழுத்துத் திறந்தார்.

தனுஜா இங்கே நிறுத்தினாள். கீழே வீதியில் ஒரு முச்சக்கரவண்டி போனது. அது போய் முடியும்வரை அவள் காத்திருந்தாள்.

“சீட்டுல துவாயில சுத்துன போட்டோதான் இருந்துச்சு. சீட்டெல்லாம் ஈரம். ஆள் இல்ல. கதவு உள்ளருந்து தொறக்காது. அந்த வேன்ல உள்பக்கக் கைப்பிடி ஒடஞ்சு ரொம்ப நாள்... வீட்டுல லைட் எரியுது. முதலாளியம்மா வெராந்தாவுல நிக்கிறாங்க. சிரிச்ச முகமா நிக்கிறாங்க. ‘எங்க கணேஸ் போயிட்டு வர்ற? அவரு அப்பவே வந்துட்டாரே. மாலையோடயே வந்தாரு. காட்டுனாரு. சாப்பிட்டுட்டுப் படுத்துட்டாரு’ங்கிறாங்க.”

கணேஸ் மாமா படத்தை அவர் கையில் கொடுத்தார். இரத்தினம்மா துவாயை விலக்கிப் பார்த்தார். சிரிப்பு போய்விட்டது. வேனுக்குள் எட்டிப் பார்த்தார். ஈர சீட்டைக் கையால் தடவிப் பார்த்தார். பிறகு வீட்டுக்குள், படுக்கையறை விளக்கைப் பார்த்தார்.

அடுத்த நாளிலிருந்து முதலாளி படம் எடுக்கவில்லை. மண்மேடு சரிந்து அந்த வீடும் இல்லாமல் போனது. கேட்டால், எடுத்தது போதும் என்கிறார்.

“உங்கட மாமா அண்டைக்குக் குடிச்சிருந்தவரோ?” என்றான் ஜெயராஜ். விளையாட்டாகக் கேட்க நினைத்தான். குரல் அப்படி வரவில்லை.

“மாமா குடிக்க மாட்டாரு. அதுக்கப்புறந்தான் குடிக்க ஆரம்பிச்சாரு.” என் பக்கம் திரும்பினாள். “மாமா ஒன்னே ஒன்னுதான் சொல்வாரு. அவரு இப்ப வேர்க்கிறதே இல்லையாம். கடை வாசல்ல வெயில்ல நின்னாலும் இல்லையாம்.”

“அந்தப் போட்டோ இப்ப எங்க?” என்று ரிஸ்னா கேட்டாள்.

“தெரியாது. முதலாளியம்மா ஒளிச்சி வச்சிருப்பாங்க. இல்ல எரிச்சிருப்பாங்க.”

நான் சொல்லியிருக்க வேண்டும். என் பையில் இருக்கிறது என்று சொல்லியிருக்க வேண்டும். அதற்குப் பதிலாகப் பையைக் காலால் இன்னும் உள்ளே தள்ளினேன். மின்சாரம் வந்தது. என் திரை மெல்ல வெளிச்சமாகி, மாலையோடு அவர் முகம் வந்தது. பைகளை எடுத்துக்கொண்டு படியிறங்கினோம்.

பஸ்ஸில் இடம் கிடைத்தது. பையை மடியில் வைத்துக்கொண்டேன். குண்டசாலைக்கு வரும்போது காற்சட்டை நனைந்திருந்தது. தண்ணீர்ப் போத்தல் ஒழுகியிருக்கும் என்று பார்த்தேன். போத்தலை வகுப்பிலேயே மறந்து வைத்துவிட்டு வந்திருக்கிறேன்.

வீட்டில் சாப்பிட முடியவில்லை. எழுந்து போய்ப் பையைப் பார்ப்பதும் திரும்பி வருவதுமாக இருந்தேன். “என்னடா மகன், பூனக்குட்டி மாதிரி நடக்கிற?” என்றார் உம்மா. “ஆயத்துல் குர்ஸி ஓதிட்டுப் படு.” ஓதினேன். பிறகு துவாயை விலக்கினேன்.

கண்ணாடியின் வெளிப்பக்கத்தைச் சட்டை நுனியால் துடைத்தேன். காய்ந்துதான் இருந்தது. துளிகள் உள்ளே. நெற்றியில் முத்து முத்தாக. பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஒன்று புருவத்தில் இறங்கி, கன்னத்தால் வழிந்து, சட்டத்தின் ஓரத்துக்குப் போனது. நான் மாலை போட்டு மறைத்த ஈரக்கறை இருக்கும் இடத்துக்கு.

ஈரம் ஏறிய படத்தில் இப்படி நடக்கலாம். மலைநாட்டுக் குளிரில், மூடிய கண்ணாடிக்குள் நீர் கட்டுவது புதிதல்ல. இதைத்தான் முதலில் எழுதினேன். பிறகு, துளிகள் நெற்றியில் மட்டும் ஏன், கோட்டில் ஏன் இல்லை என்று எழுதினேன். இரண்டையும் வெட்டாமல் விடுகிறேன்.

பத்து மணிக்கு மேல் ஒரு வீட்டுக்குப் போன் எடுப்பது மரியாதை இல்லை. எடுத்தேன். முதல் மணியிலேயே இரத்தினம்மா பேசினார், காத்திருந்தவர்போல.

“ஆன்ட்டி, நான் பஹீம். ஒரு பிழை நடந்திட்டு. தெரியாம அந்தப் போட்டோக்கு மாலை போட்டுட்டன். கம்பியூட்டர்லதான்...”

“என்ன மாலை?”

“செவ்வந்தி.”

நீண்ட மூச்சு ஒன்று கேட்டது. அழுகிறாரோ என்று நினைத்தேன். அழவில்லை.

“நீங்க கழட்டிராதீங்க தம்பி. அவரே கழட்டட்டும்.”

“நாளைக்கி முதலாளி வகுப்புக்கு வாரார்தானே. அவர் கையாலயே...”

“இவரில்ல.”

குரலை இன்னும் தாழ்த்தினார். போனை உள்ளங்கையால் மூடிப் பேசுவதுபோல் கேட்டது.

“வெயில்ல வச்சீங்களா? தொறந்து வைங்க தம்பி. மாலையக் கழட்டணும்னா கை வெளிய வரணும்ல.”

அவருக்குப் பின்னால், அறையின் உள்ளிருந்து, அளவான ஒரு குரல் கேட்டது. செவ்வாய்க்கிழமை நான் பதிவுசெய்த குரல். “யாரு ரத்தினம்?”

“ரோங் நம்பர்,” என்றார். போன் வைக்கப்பட்டது.

இப்போது படம் மேசையில், எனக்கு முதுகைக் காட்டிக் கவிழ்ந்திருக்கிறது. முகத்தைப் பார்க்க முடியாமல் நான்தான் கவிழ்த்து வைத்தேன். செவ்வாயன்று பின்பலகையைச் சுற்றி எல்லா ஆணிகளும் தலைவரை இறங்கியிருந்தன. திறக்கலாமா என்று நகத்தால் நெம்பிப் பார்த்தவன் நான், ஒன்றுகூட அசையவில்லை. இப்போது மேல்பக்கத்து இரண்டு ஆணிகள் மேசையில் கிடக்கின்றன. பலகை அந்த மூலையில் சற்று மேலே எழும்பியிருக்கிறது. நான் தொடவில்லை. இதில் எனக்குச் சந்தேகம் இல்லை.

நாளை செய்ய வேண்டியது: சுபஹுத் தொழுகைக்குப் பிறகு, வெயில் ஏறியதும், முதலாளி வகுப்புக்கு வருவதற்கு முன், வாப்பாவிடம் ஆணி பிடுங்கும் குறட்டை வாங்கி மீதி ஆணிகளைக் கழற்ற வேண்டும்.